ரத்தத்தில் இல்லை, ஆயா

நேயர்களுக்கு வணக்கம். தென்னாப்பிரிக்காவில் நம் டர்பனிலும் சுற்றுப்புறத்திலும் இந்த நேரத்தில் தமிழ் நிகழ்ச்சி கேட்கிறவர்களில் முக்கால்வாசிப் பேர் தாத்தா, ஆயா வயதுக்காரர்கள் என்று எனக்குத் தெரியும். பேரப்பிள்ளைகளுக்குத் தமிழ் அவ்வளவாக ஓடாது. அதனால் இன்றைக்குப் பேரப்பிள்ளைகளைப் பற்றி உங்களிடம் பேச வந்திருக்கிறேன்.

நான் நீதிமன்றத்தில் நன்னடத்தை அலுவலராக, அதாவது புரொபேஷன் ஆபீசராக, வேலை பார்த்து ஓய்வு பெற்றவன். பிடிபட்ட பிள்ளைகளோடு உட்கார்ந்து பேசி, அவர்கள் வீட்டுக்குப் போய்ப் பார்த்து, மாஜிஸ்திரேட்டுக்கு அறிக்கை எழுதிக் கொடுப்பதுதான் என் வேலை. ஒருநாள் காலை நீதிமன்ற வராந்தா பெஞ்சில் சாட்ஸ்வர்த்திலிருந்து வந்த ஓர் ஆயா உட்கார்ந்திருந்தார். புடவைத் தலைப்பைச் சுருட்டிச் சுருட்டிக் கையில் பிடித்திருந்தார். பக்கத்தில் பதினைந்து வயதுப் பேரன். பக்கத்து வீட்டு வெளிச்சுவரில் ஓடிய செம்புக் குழாயை இரவில் அறுத்துப் பழைய இரும்புக் கடையில் போட்டுவிட்டான். அந்தப் பணத்தில் சுகர்ஸ் வாங்கியிருக்கிறான். அந்தப் பேரைக் கேட்டாலே நம் தெருக்களில் எத்தனை வீடுகள் நடுங்கும் என்று உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. மட்டமான ஹெராயினோடு கண்டதையும் கலந்த தூள் அது. ஒருநாள் கிடைக்காவிட்டால் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சுருண்டு விடுவார்கள்.

ஆயா என்னிடம் முதலில் சொன்னது இதுதான்: "எங்க பரம்பரையில திருட்டுப் புத்தி கிடையாதுங்க. இது அவன் அப்பன் வழி ரத்தம்."

விளையும் பயிர் முளையிலே தெரியும் என்பார்கள் நம் வீடுகளில். இத்தாலியில் லோம்ப்ரோசோ என்ற மருத்துவர் 1876-இல் ஏறக்குறைய இதையே ஒரு விஞ்ஞானமாக எழுதினார். கைதிகளின் மண்டை ஓட்டையும் தாடையையும் காதையும் அளந்து, குற்றவாளி பிறக்கும்போதே குற்றவாளி என்றார். அந்த அளவெல்லாம் பிறகு நிற்கவில்லை. ஆனால் அந்த எண்ணம் மட்டும் நம் வாசலில் இன்னும் உட்கார்ந்திருக்கிறது.

பிரான்சில் துர்க்கைம் என்ற சமூகவியலாளர் 1895-இல் வேறொன்று சொன்னார். குற்றமே இல்லாத சமுதாயம் கிடையாது. துறவிகள் மட்டும் வாழும் மடமாக இருந்தாலும், மற்றவர்கள் பொருட்படுத்தாத சின்னப் பிழை அங்கே பெரிய குற்றமாகிவிடும் என்றார். எது குற்றம் என்ற கோட்டை அந்தந்தச் சமுதாயம்தான் போடுகிறது.

அதே 1895-இல் நம் நேட்டாலில் என்ன கோடு போட்டார்கள் தெரியுமா? கரும்புத் தோட்ட ஒப்பந்தம் முடிந்தும் ஊருக்குத் திரும்பாமல் இங்கேயே தங்கும் இந்தியர்கள் தலைக்கு ஆண்டுதோறும் 3 பவுண்டு வரி கட்ட வேண்டும் என்று சட்டம் வந்தது. கட்ட முடியாதவர்கள் சிறைக்குப் போனார்கள். அதற்கு முன்பும், 1860-இல் சென்னையிலிருந்து ட்ரூரோ கப்பல் வந்த காலம் முதலே, அனுமதிச் சீட்டு இல்லாமல் தோட்டத்தை விட்டு வெளியே போன கூலியாள் குற்றவாளிதான். தில்லையாடி வள்ளியம்மையை நினைத்துப் பாருங்கள். 1913 சத்தியாக்கிரகத்தில் சேர்ந்து மாரிட்ஸ்பர்க் சிறைக்குப் போன பெண். காய்ச்சலோடு வெளியே வந்து 1914 பிப்ரவரி 22-இல் இறந்தபோது வயது 16. அன்றைய பதிவேட்டில் அவர் தண்டனைக் கைதி. இன்று அவர் படத்துக்கு நாம் மாலை போடுகிறோம். இடையில் அந்தப் பெண்ணின் ரத்தமா மாறியது?

இதனால் குழாய் அறுத்தது குற்றமில்லை என்று நான் சொல்லவில்லை. மூன்று நாள் தண்ணீர் இல்லாமல் அந்தப் பக்கத்து வீட்டு அம்மா பட்ட கஷ்டத்தை நேரில் பார்த்தவன் நான். ரத்தத்தின் மேல் பழி போட்டுவிட்டால் மற்ற எதையும் நாம் பார்க்க மாட்டோம் என்பதுதான் என் கவலை.

சிகாகோவில் ஷா, மெக்கே என்ற இருவர் பல ஆண்டுகளின் சிறுவர் நீதிமன்றக் கணக்குகளை எடுத்து, ஊர் வரைபடத்தில் ஒவ்வொரு பையனின் வீட்டையும் புள்ளி வைத்துப் பார்த்தார்கள். ஊர் நடுவை ஒட்டிய பழைய குடியிருப்புகளில் எப்போதும் குற்றம் அதிகம். முதலில் அங்கே ஜெர்மானியர்களும் ஐரிஷ்காரர்களும் இருந்தார்கள், பிறகு இத்தாலியர்களும் போலந்துக்காரர்களும் வந்தார்கள். குடியிருந்த இனம் மாறியது. அந்த இடத்தின் கணக்கு மாறவில்லை. கிளம்பிப் போனவர்களின் பிள்ளைகள் புது இடத்தில் ஒழுங்காகவே வளர்ந்தார்கள். நிலத்தின் இயல்பால் நீர் திரியும் என்று நம் முன்னோர் சொன்னதை அவர்கள் வரைபடத்தில் கண்டார்கள்.

நம் நிலத்துக்கு என்ன நடந்தது என்று உங்களுக்கே தெரியும். 1950-இல் குரூப் ஏரியாஸ் சட்டம், எந்த இனத்தார் எங்கே குடியிருக்கலாம் என்று பிரித்துப்போட்ட சட்டம். மேகசின் பராக்ஸிலிருந்தும் கேட்டோ மேனரிலிருந்தும் லாரியில் சாமான் ஏற்றி சாட்ஸ்வர்த்துக்கு அனுப்பினார்கள். ஒரே முற்றத்தில் இருந்த பெரியப்பா அங்கே ஒரு யூனிட்டுக்கும், அதாவது ஒரு குடியிருப்புப் பகுதிக்கும், அத்தை இன்னொரு யூனிட்டுக்கும் போனார்கள். அதுவரை ஒரு பையன் பள்ளிக்கு மட்டம் போட்டால் வீட்டுக்கு வருவதற்குள் நாலு பேர் கேட்டிருப்பார்கள். அமெரிக்காவில் சாம்ப்சனும் அவர் சகாக்களும் 1997-இல் கண்டதும் இதுதான்: ஏழைத் தெருக்களுக்குள்ளேயும், அடுத்த வீட்டுப் பிள்ளையைத் தயங்காமல் கேட்கிற ஜனங்கள் இருக்கும் தெருவில் வன்முறை குறைவு.

இந்தப் பையனின் அம்மா சட்டைத் தொழிற்சாலையில் மெஷின் ஓட்டியவர். தொண்ணூறுகளில் வெளிநாட்டுத் துணி மலிவாக வந்து குவிந்தபோது டர்பனில் எத்தனை தையல் ஆலைகள் மூடப்பட்டன! அவர் வேலையும் அப்படித்தான் போனது. மெர்டன் என்ற அமெரிக்கர் 1938-இல் எழுதினார்: நல்ல கார், நல்ல வீடு என்ற ஆசையை ஊர் எல்லோருக்கும் ஊட்டுகிறது, அதை அடையும் வழியைச் சிலருக்குத்தான் திறந்து வைக்கிறது. வழி அடைபட்டவர்களில் சிலர் குறுக்கு வழி தேடுவார்கள். சிலர் ஆசையையும் வழியையும் சேர்த்து விட்டுவிட்டு போதைக்குள் ஒதுங்குவார்கள். மெர்டன் இவர்களைத் தனித்தனி வகையாக வைத்தார். நான் பார்த்த பிள்ளைகளில் ஒதுங்குவதற்காகவே திருடியவர்கள்தான் அதிகம்.

சரி, செம்பை வாங்கியவர் யார்? நள்ளிரவில் அறுத்த குழாயை, ஒரு பையன் கையிலிருந்து, ஒரு கேள்வி கேட்காமல் தராசில் போட்டுக் காசு கொடுத்தவர். சகவாச தோஷம் என்று நாம் சொல்வதை சதர்லாந்து என்ற சமூகவியலாளர் கொள்கையாகவே வகுத்தார்: குற்றத்தையும் அதற்கான நியாயங்களையும் நெருங்கிப் பழகுகிறவர்களிடம்தான் கற்றுக்கொள்கிறோம் என்றார். அதே சதர்லாந்து 1939-இல் கோட்டுப் போட்டவர்களின் குற்றத்தையும் கணக்கில் எடுங்கள் என்றார். 70 பெரிய கம்பெனிகளின் சட்ட மீறல்களை ஆராய்ந்து 1949-இல் வெளியிட்டபோது, கம்பெனிப் பெயர்களை எடுக்கச் சொல்லிவிட்டார்கள். பெயர்களோடு முழுதாக வெளிவர 1983 ஆயிற்று. பதினைந்து வயதுப் பையன் பேரை மறைக்க மட்டும் தெருவில் யாருக்கும் மனசு வருவதில்லை.

இனி என் பங்கைச் சொல்கிறேன். அந்தப் பையனைப் பற்றிய முதல் அறிக்கையில் "குற்றப் போக்கு உடையவன்" என்று எழுதினேன். அவசரத்தில் எழுதிய மூன்று சொல். அவன் எங்கே போனாலும் அது அவனுக்கு முன்னால் போய் நின்றது. வேறு பள்ளியில் சேர்க்கப் போனபோது அந்தத் தாள் மேசையில் இருந்தது, இடமில்லை என்றார்கள். டீரூமில் ரொட்டி வாங்கப் போனால் கடைக்காரர் கையையே பார்த்துக்கொண்டிருந்தார். கோயிலில் முன்பெல்லாம் பாத்திரம் தூக்கக் கூப்பிடுவார்கள், அதுவும் நின்றது. அவனைக் கேள்வி கேட்காமல் சேர்த்துக்கொண்டது மூலையில் சுகர்ஸ் இழுக்கிற கூட்டம் ஒன்றுதான்.

லெமெர்ட் என்பவர் 1951-இலேயே பிரித்துக் காட்டினார்: முதல் தவறு ஒன்று, ஊர் வைத்த பேரை ஏற்றுக்கொண்டு அந்தப் பேராகவே வாழத் தொடங்குவது வேறொன்று. 1963-இல் ஹோவர்ட் பெக்கர் இன்னும் வெட்ட வெளிச்சமாக்கினார்: பிறழ்வு என்பது செயலுக்குள்ளேயே இருக்கும் குணமல்ல, மற்றவர்கள் விதியைப் போட்டு அதை ஓர் ஆள் மேல் ஒட்டுவதால் வருவது என்றார். படிக்கிற காலத்தில் இதைப் பரீட்சைக்கு மனப்பாடம் செய்தவன் நான். என் கையெழுத்திலேயே அது நடந்தபோது எனக்குத் தெரியவில்லை.

இப்போது சட்டம் கொஞ்சம் மாறியிருக்கிறது. 2008-இல் நிறைவேறி 2010 ஏப்ரல் முதல் நடப்புக்கு வந்த சிறார் நீதிச் சட்டப்படி, சின்னக் குற்றம் செய்த பிள்ளையை வழக்கிலிருந்து விலக்கி வேறு வழியில் திருப்பலாம். டைவர்ஷன் என்பார்கள். உங்கள் பேரன் பிடிபட்டால், அவமானத்தில் கதவைச் சாத்திக்கொள்ளாமல், முதல் நாளே போய் டைவர்ஷன் கிடைக்குமா என்று கேளுங்கள்.

அவமானத்திலும் இரண்டு வகை உண்டு என்று ஆஸ்திரேலியாவின் பிரெய்த்வெயிட் 1989-இல் எழுதினார். ஆளையே வெளியே தள்ளும் அவமானம் ஒன்று. செய்த காரியத்தைக் கண்டித்துவிட்டு ஆளை உள்ளே சேர்த்துக்கொள்ளும் அவமானம் இன்னொன்று.

அந்த ஆயா இதையெல்லாம் படித்தவர் இல்லை. அந்த வருஷம் ஆடிக் கூழ் ஊற்றும் நாளில் பேரனைக் கோயிலுக்குக் கூட்டி வந்தார். நானும் போயிருந்தேன். பெரிய பானைக்குப் பின்னால் நிறுத்தி, அகப்பையை அவன் கையில் கொடுத்தார். நாலைந்து பேர் முகம் சுளித்து அடுத்த பானைக்குப் போனார்கள். அதற்குப் பிறகும் அவன் இரண்டு முறை சறுக்கி விழுந்தான், அதையும் சொல்லிவிடுகிறேன். ஆனால் அன்றைக்கு வரிசையில் குழாய் போன அந்தப் பக்கத்து வீட்டு அம்மாவும் வந்தார். பையன் தலையைக் குனிந்துகொண்டான். அகப்பை நடுங்கி வெளியே சிந்தியது. அவர் கிண்ணத்தை இன்னும் கொஞ்சம் கிட்டே நீட்டினார்.

"ஊத்துப்பா. பின்னாடி ஆள் நிக்குது."