பல்லக்குத் தூக்கிய பெரியவர்

நடுவர் அவர்களுக்கும் அவையோருக்கும் வணக்கம். நேராக விஷயத்துக்கு வருகிறேன்.

மனிதனை உயர்த்துவது பணிவா, துணிவா என்பது தலைப்பு. பணிவே என்று பேச வந்திருக்கிறேன். எனக்கு முன்னால் பேசிய எதிரணி நண்பர் ஒன்று சொன்னார், நீங்களும் பலமாகக் கை தட்டினீர்கள். "பணிவு பணிவு என்று குனிகிறவன் கடைசிவரை அடுத்தவன் பல்லக்கைத் தூக்கிக்கொண்டே திரிய வேண்டியதுதான்" என்றார். சொல்லிவிட்டு அவர் உட்கார்ந்துவிட்டார். நான் அந்தப் பல்லக்கை விடுவதாக இல்லை.

பல்லக்குத் தூக்கிய ஒருவரை உங்கள் எல்லோருக்கும் தெரியும். திருநாவுக்கரசர்.

திருவையாற்றுக்குப் பக்கத்தில் திருப்பூந்துருத்தி. அங்கே மடம் கட்டிக்கொண்டு, கோயிலில் உழவாரத்தால் புல் செதுக்கிக்கொண்டு இருக்கிறார் அப்பர். பாண்டிய நாட்டில் வாதில் வென்ற சம்பந்தர் அவரைப் பார்க்க வருகிறார். எதில் வருகிறார்? முத்துப் பல்லக்கில்! வயது 16கூடத் தாண்டவில்லை. இவரோ பழுத்த கிழவர். என்ன செய்திருக்கலாம்? மடத்து வாசலில் நின்று "வாப்பா" என்று கை நீட்டியிருக்கலாம். தன்னை "அப்பரே" என்று கூப்பிட்ட பிள்ளைதானே வருகிறது, யார் குறை சொல்லப்போகிறார்கள்? ஆனால் அவர் ஊர் எல்லை தாண்டி எதிரே போகிறார். ஒரே கூட்டம். யார் கண்ணிலும் படாமல் உள்ளே நுழைந்து, பல்லக்குச் சுமப்பவர்களோடு தானும் ஒருவராகத் தோள் கொடுக்கிறார். அந்த வயதில், அந்த நெரிசலில், அந்தத் தோள்! பல்லக்கு நகர்கிறது. ஊர் நெருங்கியதும் உள்ளேயிருந்து பிள்ளை கேட்கிறது, "அப்பர் எங்கே இருக்கிறார்?" பதில் எங்கிருந்து வருகிறது? காலுக்குக் கீழேயிருந்து வருகிறது! "உங்களைத் தாங்கி வரும் பேறு பெற்று இங்கேதான் இருக்கிறேன்." பதறிப்போய் இறங்குகிறார் சம்பந்தர். "நீங்கள் இப்படிச் செய்யலாமா?" என்று அவர் வணங்க, "வேறு எப்படிச் செய்வது?" என்று இவர் எதிரே வணங்குகிறார். பெரியபுராணத்தில் இருக்கிறது, போய்ப் படித்துப் பாருங்கள்.

சரி, இது பயந்த மனிதரின் குனிவு என்கிறீர்களா? பல்லவ மன்னன் ஆளனுப்பிக் கூப்பிட்டபோது "நாமார்க்கும் குடியல்லோம், நமனை அஞ்சோம்" என்று பாடி வர மறுத்தவர் இவர்தான். சுண்ணாம்புக் காளவாயில் போட்டார்கள், நஞ்சு கொடுத்தார்கள், யானையை ஏவினார்கள், கல்லோடு கட்டிக் கடலில் தள்ளினார்கள். குனிந்தாரா? நண்பர் காலையிலிருந்து தேடுகிற துணிவு முழுக்க அந்த ஒரு கிழவரிடம் இருந்தது. அவரை அரசனால் குனிய வைக்க முடியவில்லை, ஒரு சின்னப் பிள்ளைக்கு அவராகவே குனிந்தார். மிரட்டிக் குனிய வைத்தால் அது கொடுமை. தோளில் கிடந்த துண்டை இடுப்பில் கட்ட வைத்த காலத்தையெல்லாம் நான் பணிவுக் கணக்கில் சேர்க்க மாட்டேன்.

எங்கள் அப்பாவுக்கு ஊரில் சண்டைக்காரர் என்று பெயர். தெருக்குழாயில் தண்ணீர் வரவில்லை என்றால் தனியாகப் போய் ஆபீஸ் வாசலில் நின்று கத்துவார். எங்கள் அக்காவுக்குக் குறைமாதத்தில் பெண் குழந்தை பிறந்தது. இன்குபேட்டரில் வைத்துவிட்டார்கள், எங்களை உள்ளே விடவில்லை. ராத்திரியெல்லாம் கண் விழித்துப் பார்த்துக்கொண்டது ஒரு நர்ஸ் பெண், பார்த்தால் கல்லூரியில் படிக்கிற பெண் மாதிரி இருக்கும். குழந்தையை வீட்டுக்குக் கூட்டிப்போகலாம் என்று சொன்ன அன்று அப்பா விறுவிறுவென்று அந்தப் பெண்ணிடம் போனார். ஏதோ சண்டைக்குத்தான் போகிறார் என்று நான் பின்னாலேயே ஓடினேன். அவர் செருப்பைக் கழற்றிவிட்டு, இரண்டு கையையும் சேர்த்து, "தாயி, நீ நல்லா இருக்கணும்" என்றார். அதற்கு மேல் அவருக்குப் பேச்சு வரவில்லை. "ஐயோ தாத்தா" என்று அவர் கையைப் பிடித்துக்கொண்டு அந்தப் பெண்ணும் அழுதது.

நடுவர் அவர்களே, அன்றைக்கு எங்கள் அப்பா எங்கே குறைந்துபோனார்? அந்தக் குழந்தை இப்போது பள்ளிக்கூடம் போகிறாள். அதோ, முன் வரிசையில் தாத்தா மடியில்தான் உட்கார்ந்திருக்கிறாள். எதிரணி நண்பரே, அவருடைய துணிவில் உங்களுக்குச் சந்தேகம் இருந்தால் கூட்டம் முடிந்ததும் நேரிலேயே போய்க் கேளுங்கள். வணக்கம்.