காங்கோவிலிருந்து போனவை, காங்கோவுக்கு வந்தவை

நேயர்களுக்கு வணக்கம். ஆப்பிரிக்காவில் ஐரோப்பியர் ஆட்சி எப்படி ஏற்பட்டது, எதை விட்டுச் சென்றது என்று பேசும்படி நிலையத்தார் கேட்டபோது, ஒரு கண்டம் முழுவதையும் சில நிமிடங்களில் சுற்றி வருவதைவிடக் காங்கோ என்ற ஒரே நாட்டை எடுத்துக்கொள்வதே முறை என்று எனக்குத் தோன்றியது.

1884 நவம்பரில் ஆப்பிரிக்காவில் தம் உரிமைகளை வரையறுக்க ஐரோப்பிய அரசுகளின் மாநாடு பெர்லினில் கூடியபோது, ஆப்பிரிக்கர் ஒருவர்கூட அழைக்கப்படவில்லை. அடிமை வணிகத்தை ஒழிக்க வேண்டும் என்று அங்கே பேசினார்கள். அதற்கு முன்பே பெல்ஜிய மன்னர் இரண்டாம் லியோபோல்டு, ஆப்பிரிக்காவில் பயணம் செய்து பெயர்பெற்ற ஸ்டான்லி என்பவரை அனுப்பி, காங்கோ ஆற்றங்கரைத் தலைவர்களிடம், அவர்களுக்கு வாசிக்கத் தெரியாத மொழியில் எழுதிய ஒப்பந்தங்களில் கைக்குறி வாங்கியிருந்தார். அவற்றைக் காட்டி, பெல்ஜியத்தைப் போல் ஏறத்தாழ 76 மடங்கு பெரிய நிலத்தை 1885இல் அவர் பெற்றார். அதுவும் பெல்ஜிய நாட்டுக்காக அல்ல, தம் சொந்த உடைமையாக.

முதலில் அவர் தேடியது யானைத் தந்தம். 1888இல் டன்லப் காற்றடைத்த டயருக்குக் காப்புரிமை பெற்ற பிறகு உலகெங்கும் ரப்பருக்குத் தேவை பெருகியது. காங்கோ காட்டிலோ ரப்பர்ப்பால் தரும் கொடிகள் தாமாகவே படர்ந்திருந்தன. காட்டுக்குள் போக மறுத்த ஆண்களைப் பணிய வைக்க, அவர்களுடைய மனைவியரையும் பிள்ளைகளையும் பிணையாக அடைத்து வைத்தார்கள். தோட்டாவை வேட்டையில் வீணாக்கவில்லை என்று காட்டுவதற்காகச் சிப்பாய்கள் தாம் சுட்டுக் கொன்றவர்களின் கைகளை வெட்டிக் கொண்டுவந்து கணக்குக் கொடுத்தார்கள். கணக்குக்குக் கை குறைந்தபோது உயிரோடிருந்தவர்களும் கையை இழந்தார்கள்.

இதை வெளியே கொண்டுவந்தவர்களுள் ஒருவரான மோரல், ஒரு கப்பல் நிறுவனத்தின் எழுத்தர். பெல்ஜியத்தின் ஆண்ட்வெர்ப் துறைமுகத்தில் காங்கோவிலிருந்து கப்பல்கள் ரப்பரும் தந்தமுமாக வந்து இறங்கின; திரும்பிப் போகும்போது பெரும்பாலும் துப்பாக்கியும் தோட்டாவும் ஏற்றிச் சென்றன. விலை கொடுத்து வாங்கியதற்கான சரக்கு எதுவும் போகவில்லை என்பதிலிருந்தே, அங்கே நடப்பது வணிகமல்ல, கட்டாய உழைப்பு என்று அவர் புரிந்துகொண்டார். அந்தச் சரக்குக் கணக்கைவிடத் தெளிவான சாட்சியம் காலனி ஆட்சிக்கு வேறில்லை என்பது என் எண்ணம்.

1908இல் லியோபோல்டிடமிருந்து காங்கோ பெல்ஜிய அரசின் கைக்கு மாறியது. கை வெட்டும் கொடுமை ஓய்ந்தாலும், பொருள் போன திசை மாறவில்லை. தென்கிழக்கிலுள்ள சுரங்கப் பகுதியான கட்டங்காவின் தாமிரம் போயிற்று. ஹிரோஷிமாவில் விழுந்த குண்டுக்கான யுரேனியத்தில் பெரும்பங்கும் அங்குள்ள ஷின்கொலொப்வே சுரங்கத்திலிருந்தே போயிற்று. ஆனால் மக்களை ஆட்சிப் பொறுப்புக்குப் பழக்க மட்டும் பெல்ஜியருக்கு மனமில்லை. 1960 ஜூன் 30 அன்று விடுதலை வந்தபோது, நாடு முழுவதிலும் காங்கோலியப் பட்டதாரிகள் முப்பது பேர்கூட இல்லை. ஏறத்தாழ 25,000 பேர் கொண்ட படையில் ஒரு காங்கோலிய அதிகாரியும் இல்லை. காங்கோலியருக்கு ஆளத் தெரியவில்லை என்று இன்றும் கூசாமல் சொல்பவர்களைக் கேட்கும்போது என் மனம் கொதிக்கிறது.

விடுதலை பெற்ற ஒரு வாரத்துக்குள் படை கலகம் செய்தது. ஜூலை 11 அன்று, சுரங்க வருவாயையும் பெல்ஜிய ஆதரவையும் நம்பிக் கட்டங்கா பிரிந்து சென்றது. பதவி பறிக்கப்பட்டுக் கைதான முதல் பிரதமர் பாட்ரிஸ் லுமும்பா, 1961 ஜனவரி 17 அன்று அதே கட்டங்காவில் பெல்ஜிய அதிகாரிகள் உடனிருக்கச் சுட்டுக் கொல்லப்பட்டார். 1965இல் ஆட்சியைப் பிடித்த படைத்தலைவர் மொபுட்டு, மேலை நாடுகளின் துணையோடு 32 ஆண்டுகள் நாட்டைச் சுரண்டினார். சுரங்கத்தின் வருவாய் மக்களைச் சேராதபடி அமைந்திருந்த அரசு அவருக்கு ஆயத்தமாகவே கிடைத்தது. இன்று நம் கைப்பேசி மின்கலங்களுக்கான கோபால்ட்டின் பெரும்பகுதியும் அந்தக் கட்டங்கா மண்ணிலிருந்துதான் வருகிறது.

லுமும்பாவின் உடலை ஒரு பெல்ஜியக் காவல் அதிகாரி அமிலத்தில் கரைத்தார். ஒரு பல்லைத் தம்மோடு எடுத்துச் சென்றார். 2022 ஜூனில் பெல்ஜியம் அந்தப் பல்லை லுமும்பாவின் பிள்ளைகளிடம் ஒப்படைத்தது. காங்கோலியர் அதைப் பெட்டியில் வைத்து ஊர் ஊராகக் கொண்டுசென்று, விடுதலை நாளான ஜூன் 30 அன்று கின்ஷாசாவில் அடக்கம் செய்தார்கள்.