இளவேனிலும் செமஸ்டர் தேர்வும்

அன்பு மாணவ மாணவியருக்கு வணக்கம்.

ஆண்டை ஆறு பருவமாகப் பிரித்த நம் முன்னோர் சித்திரையையும் வைகாசியையும் இளவேனில் என்றார்கள். வேம்பு பூக்கும் காலம், மாங்காய் திரளும் காலம். உங்களுக்கோ அது ரெக்கார்டு நோட்டு, செய்முறைத் தேர்வு, எழுத்துத் தேர்வு என்று வரிசை கட்டி வரும் காலம். போதாக்குறைக்கு மே 4 வாக்கில் கத்திரியும் தொடங்கிவிடுகிறது.

"ஒரே டென்ஷனா இருக்கு" என்று ஒரு மாணவர் வந்தால் முதலில் மூன்று கேள்வி கேட்க வேண்டும். நேற்று எத்தனை மணி நேரம் தூங்கினாய்? இன்று சிறுநீர் என்ன நிறத்தில் போனது? காலையில் என்ன சாப்பிட்டாய்? படபடப்பு, தலைவலி, எரிச்சல், படிப்பது மண்டையில் ஏறாமை எல்லாம் கவலையால் வரும். தண்ணீர் குறைந்தாலும் வரும், தூக்கம் கெட்டாலும் வரும். அனுபவிப்பவருக்கு வித்தியாசம் தெரியாது. ஆகவே உடம்பை முதலில் சரிசெய்யுங்கள். மிச்சமிருக்கும் கவலை எவ்வளவு என்பது அதன் பிறகுதான் தெரியும்.

தூக்கத்திலிருந்து தொடங்குகிறேன், ஏனென்றால் நீங்கள் முதலில் கைவைப்பது அதில்தான். தூக்கம் பிடிக்க உடலின் உள்வெப்பம் கொஞ்சம் இறங்க வேண்டும். விடுதியின் மேல்மாடி அறையில் அது நடப்பதில்லை. பகலெல்லாம் வெயில் குடித்த கான்கிரீட் கூரை, இரவில் அந்தச் சூட்டை அறைக்குள் இறக்குகிறது. படுப்பதற்கு ஒரு மணி நேரம் முன்பு குளியுங்கள். நனைத்துப் பிழிந்த துண்டைக் கழுத்திலும் கைகளிலும் போட்டுக்கொண்டு மின்விசிறிக்குக் கீழே படுங்கள். ஈரம் காயும்போது சூட்டையும் எடுத்துக்கொண்டு போகும். கொசுவலை கட்டி, ஜன்னலைத் திறந்து வையுங்கள்.

அடுத்தது டீக்கடை. காஃபீன் ரத்தத்தில் பாதியாகக் குறையச் சுமார் 5 மணி நேரம் ஆகும். இரவு 10 மணிக்குக் குடித்த காபியில் பாதி, அதிகாலை 3 மணிக்கும் உள்ளே இருக்கிறது. கண்ணை மூடிக் கிடந்தாலும் தூக்கம் ஆழமாகாது. கடைசி டீ மாலை 4 மணியோடு போதும். பகலில் கண் சொக்கினால் 20 நிமிடத்துக்கு அலாரம் வைத்துப் படுங்கள். ஒரு மணி நேரம் படுத்தால் ஆழ்ந்த தூக்கத்திலிருந்து எழ வேண்டியிருக்கும், தலை பாரமாகிவிடும். இரவில் 7 மணி நேரம் வேண்டும். பகலில் படித்ததை மூளை பதிய வைக்கும் வேலையில் பெரும்பகுதி அப்போதுதான் நடக்கிறது. விடிய விடியப் புரட்டுபவர் பதிகிற நேரத்தையே வெட்டிவிடுகிறார்.

"படிச்சதெல்லாம் ஹால்ல மறந்துபோச்சு" என்ற பயத்துக்கு வேறொரு வேரும் உண்டு. 2006-இல் அமெரிக்க உளவியலாளர்கள் ரோடிகரும் கார்பிக்கியும் ஒரு சோதனை வெளியிட்டார்கள். ஒரு பகுதியைத் திரும்பத் திரும்பப் படித்தவர்கள் 5 நிமிடம் கழித்து வைத்த தேர்வில் முந்தினார்கள். ஒரு வாரம் கழித்து வைத்தபோது, படித்துவிட்டு மூடி வைத்து நினைவிலிருந்து எழுதிப் பார்த்தவர்கள் முந்தினார்கள். மறுவாசிப்பு தருவது தற்காலிகத் தைரியம், அது தேர்வறையில் உடைகிறது. ஒரு பாடம் முடிந்ததும் புத்தகத்தை மூடி, வெற்றுத் தாளில் 10 நிமிடம் எழுதுங்கள். பிறகு திறந்து, விட்டுப்போனதைச் சிவப்பு மையில் குறியுங்கள். மூன்று நாள் கழித்து ஒருமுறை, ஒரு வாரம் கழித்து ஒருமுறை இதையே செய்யுங்கள். சிவப்பு குறையக் குறையப் பயமும் குறையும்.

தண்ணீரைப் பற்றிப் பேசும்போது ஒன்றைத் திறந்து சொல்ல வேண்டும். கழிப்பறைக்குப் பயந்து தண்ணீர் குடிக்காமல் இருக்கும் மாணவியர் ஏராளம். தாழ்ப்பாள் இல்லை, தண்ணீர் வராது, தாங்கமுடியாத நாற்றம். காலையிலிருந்து மாலை வரை அடக்கினால் நீர்க்கடுப்பும் சிறுநீர்த் தொற்றும் வருகின்றன. மேடையில் அமர்ந்திருக்கும் நிர்வாகத்தாரை வேண்டிக்கொள்கிறேன்: மன அழுத்தப் பயிலரங்கம் நடத்துவதற்கு முன்னால் மாடிக்கு ஒரு சுத்தமான கழிப்பறை கொடுங்கள். மாணவியரே, எரிச்சலோடு காய்ச்சலும் இடுப்பு வலியும் சேர்ந்தால் வெந்தயமும் மோரும் போதாது, அன்றே மருத்துவரைப் பாருங்கள்.

சிறுநீர் வெளிர்மஞ்சளாக இருந்தால் குடிப்பது போதும். வயிற்றுப்போக்கோ அதிக வியர்வையோ இருந்தால் ஒரு லிட்டர் கொதித்து ஆறிய நீரில் 6 தேக்கரண்டி சர்க்கரை, அரைத் தேக்கரண்டி உப்பு, இரண்டையும் தலைதட்டி அளந்து கலக்குங்கள். கடையில் வாங்கும் ஓ.ஆர்.எஸ். பெரிய பொட்டலம் ஒரு லிட்டருக்கானது. அதை ஒரு டம்ளரில் கொட்டினால் உப்பு மிஞ்சிவிடும். கரைத்தது 24 மணி நேரத்துக்குத்தான். சாதாரண நாளில் உப்புப் போட்ட நீர்மோரே போதும். காலையில் பழைய சோறும் மோரும் கிடைத்தால் அதைவிடத் தேர்வு நாளுக்கு ஏற்ற உணவு இல்லை.

அம்மை போடும் பருவமும் இதுதான். சின்னம்மை கொப்புளம் தெரிவதற்கு ஓரிரு நாள் முன்பே தொற்றத் தொடங்கி, எல்லாம் பொருக்குத் தட்டும்வரை தொற்றும். தொற்றியவருக்கு வெளிப்பட 10 முதல் 21 நாள். அறைத் தோழனுக்கு இன்று வந்தால் உங்கள் முறை சரியாகத் தேர்வின்போது வரும். இதுவரை வராதவர், தடுப்பூசி போடாதவர் 3 நாளுக்குள் மருத்துவரிடம் ஊசி பற்றிக் கேளுங்கள். உங்களுக்கே வந்தால் முதல் நாளே போங்கள், வைரஸ் மருந்து 24 மணி நேரத்துக்குள் தொடங்கினால்தான் நன்றாக வேலை செய்யும். வேப்பிலை விரித்துப் படுப்பதில் தவறில்லை. ஆஸ்பிரின் மட்டும் வேண்டவே வேண்டாம்.

தேர்வறை வாசலில் நெஞ்சு அடித்துக்கொண்டால், 4 எண்ணி மூச்சை இழுத்து 6 எண்ணி விடுங்கள், 5 நிமிடம். வெளிமூச்சு நீளும்போது இதயத் துடிப்பு தணியும். கேள்வித்தாள் வரும்முன் அடுத்தவர் நோட்டை எட்டிப் பார்க்காதீர்கள்.

கடைசியாக, அறை நண்பர்களுக்கு. ஒருவர் சாப்பிடாமல், தூங்காமல், பொருட்களை எல்லாம் பிறருக்குக் கொடுத்துவிட்டு, "நான் இல்லாட்டி எல்லாருக்கும் நல்லது" என்று பேசினால் தேர்வுப் பயம் என்று தள்ளிவிடாதீர்கள். "சாகணும்னு தோணுதா?" என்று நேராகவே கேளுங்கள். கேட்பதால் அந்த எண்ணம் புதிதாக முளைக்காது. ஒருவர் கூடவே இருங்கள், இன்னொருவர் வார்டனிடம் போங்கள். 14416 அரசின் டெலி மானஸ் மனநல உதவி எண், இரவிலும் எடுப்பார்கள், தமிழில் பேசலாம். மறுநாள் உங்களுக்கும் தேர்வு இருந்தால் இருக்கட்டும். அந்தத் தாளை நவம்பரில் எழுதிக்கொள்ளலாம்.