மருந்துப் பெட்டியில அந்தச் சின்ன எழுத்த யாராச்சும் படிக்கிறீங்களா?

வணக்கம் மக்களே.

(திரையில்: ரெண்டு மாத்திரை அட்டை, பக்கத்துல பக்கத்துல)

இந்த ரெண்டையும் நல்லாப் பாருங்க. இது இங்க மலேசியாவுல கிளினிக் கெசிஹாத்தான்ல, அதாவது அரசாங்க கிளினிக்ல, ஒரு வெள்ளி கட்டி வாங்குனது, அது டவுன்ல பிரைவேட் கிளினிக்ல குடுத்தது. பேரு வேற, கலர் வேற, சைஸும் வேற, ஆனா உள்ள இருக்கிறது ஒரே மருந்து, மெட்ஃபார்மின், இனிப்பு நீருக்குக் குடுக்கிறது. நம்ம சுங்கை சிப்புட் மாதிரி தோட்டத்து டவுன்ல ரெண்டு இடத்துலயும் மருந்து வாங்கி வச்சிக்கிற பெரியவங்க நிறைய, பசியாறிட்டு இதுல ஒண்ணு அதுல ஒண்ணுன்னு போட்டுக்குவாங்க, கேட்டா "ரெண்டும் வேற வேற மருந்துய்யா"ன்னு நமக்கே பாடம் எடுப்பாங்க. தப்பு அவங்க மேல இல்ல. தோட்டத்து ஆஸ்பத்திரில டிரெசர் ஊத்திக் குடுத்த மிக்சரக் குடிச்சு வளந்த தலைமுறைக்கு மருந்துன்னா கலருதான் அடையாளம்.

அதனால முதல்ல தெரிஞ்சிக்க வேண்டியது ஆக்டிவ் இன்கிரீடியன்ட். பெட்டியில பெருசா இருக்கிறது கம்பெனி வச்ச பேரு, அதுக்குக் கீழ சின்ன எழுத்துல மில்லிகிராமோட இருக்கும் பாருங்க, அதுதான் உடம்புக்குள்ள போயி வேல செய்யிற சரக்கு. மிச்சமெல்லாம் எக்ஸிபியன்ட், அதாவது மாவு, லாக்டோஸ், கலரு, மேல்பூச்சு. கலர் வேற வேறயா இருக்கிறதுக்கு இதுதான் காரணம். மெட்ஃபார்மின டபுளா போட்டா பலருக்கு வயித்துப்போக்குதான் முதல்ல வரும், கிட்னி ஏற்கனவே பலவீனமா இருக்கிறவங்களுக்கு ரத்தத்துல லாக்டிக் ஆசிட் ஏறி உயிருக்கே ஆபத்தாகலாம். பிரஷர் மாத்திரை அம்லோடிபின் டபுளாச்சுன்னா பிரஷர் இறங்கி, பாத்ரூம் போக எழுந்திரிக்கும்போது தலை சுத்தி விழுந்துடுவாங்க.

சளி மாத்திரை கதையும் இதேதான். காய்ச்சலுக்குப் பேனடோல், சளிக்குக் கடையில ஒரு ஃபுளூ மாத்திரை. பேனடோல்ல இருக்கிறது பாரசிட்டமால், அந்த ஃபுளூ மாத்திரையிலயும் அதே இருக்கலாம். பெரியவங்களுக்கு ஒரு நாளைக்கு மொத்தமா 4 கிராம் தாண்டக் கூடாது, 500 மில்லிகிராம் மாத்திரைன்னா எட்டு, அதுக்கு மேல போனா அடி வாங்குறது ஈரல்.

இதையும் சொல்லிடறேன், பேருக்குப் பின்னாடி எக்ஸ்ஆர், எஸ்ஆர்னு இருந்தா அது மெதுவா மெதுவா மருந்த விடுற மாத்திரை, பாட்டிக்கு முழுங்க முடியலன்னு இடிச்சு கஞ்சியில கலந்துடாதீங்க, நாள் பூரா இறங்க வேண்டியது ஒரே மூச்சுல இறங்கிடும்.

அடுத்து, எல்லாரும் சண்டை போடற விஷயம், ஜெனரிக். "கவர்மெண்ட் மருந்து பவர் கம்மி, ஒரு வெள்ளியில என்னத்த இருக்கப்போவுது" இந்தப் பேச்சு கோப்பிக் கடையில கேக்காத ஆளு உண்டா? ஒரு வெள்ளிங்கிறது மருந்தோட விலை இல்லங்க, மிச்சத்த அரசாங்கம் கட்டுது. முதல்ல ஒரு மருந்தக் கண்டுபிடிச்சு கொண்டு வர்ற கம்பெனியோட சரக்குக்கு இன்னோவேட்டர்னு பேரு. அவங்களுக்குப் பேட்டன்ட், அதாவது வேற யாரும் அத செய்யக் கூடாதுங்கிற உரிமை, 20 வருஷம், ஆனா அது விண்ணப்பம் போட்ட நாள்ல இருந்தே ஓட ஆரம்பிச்சிரும், சோதனைக்கே பாதி போயிரும், அதனாலதான் வந்த புதுசுல அந்த விலை. பேட்டன்ட் முடிஞ்சதும் மத்த கம்பெனிங்க அதே ஆக்டிவ் இன்கிரீடியன்ட வச்சி செய்யலாம், அதுதான் ஜெனரிக். மெட்ஃபார்மின் எல்லாம் 1957-லயே பிரான்ஸ்ல நோயாளிங்களுக்குக் குடுத்துப் பாத்து எழுதிட்டாங்க, அமெரிக்காவுல அனுமதி கிடைச்சது 1994-ல, இப்ப யாரு வேணா செய்யலாம், அதான் சல்லிசா கிடைக்குது.

யாரு வேணா செய்யலாம்னா சும்மா விட்டுட மாட்டாங்க. பயோஈக்விவலன்ஸ்னு ஒரு சோதனை. ஆரோக்கியமான ஆளுங்கள வச்சி ஒரு தடவ ஒரிஜினல், கொஞ்ச நாள் இடைவெளி விட்டு ஜெனரிக்னு குடுத்து, ரெண்டு தடவையும் மணிக்கணக்கு வச்சி ரத்தம் எடுத்து, எவ்ளோ மருந்து ஏறுச்சு, உச்சம் எவ்ளோன்னு ஒப்பிடுவாங்க. ஒரிஜினல 100-னு வச்சா, ஜெனரிக்கோட கணக்கு 80-ல இருந்து 125 சதவீதத்துக்குள்ள நிக்கணும். இதப் பாத்துட்டுதான் "ஜெனரிக்ல 20 சதவீதம் மருந்து கம்மி"ன்னு வாட்ஸ்அப்ல சுத்த விடறாங்க. அது அப்படி இல்ல லா, சராசரி மட்டும் உள்ள இருந்தா பத்தாது, கணக்குல வர்ற ஏறுமுகம் இறங்குமுகம் மொத்தமும் அந்த வேலிக்குள்ள அடங்கணும். அமெரிக்காவோட மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு எஃப்டிஏ ஆளுங்க 2,070 சோதனையச் சேத்துப் பாத்து 2009-ல எழுதுனாங்க, சராசரி வித்தியாசம் 4 சதவீதம் கிட்டதான்.

(திரையில்: பெட்டியோட ஓரத்துல எம்ஏஎல்-னு ஆரம்பிக்கிற நம்பர்)

இப்ப இந்த நம்பர். மால் நம்பர்னு சொல்லுவாங்க. எம்ஏஎல், அப்புறம் எட்டு இலக்கம், அதுக்கு அடுத்தாப்ல ஒரு எழுத்து, அந்த எழுத்துலதான் விஷயமே இருக்கு. ஏ-ன்னா கட்டுப்பாட்டுல இருக்கிற மருந்து, டாக்டரோ ஃபார்மசிஸ்டோ குடுக்கணும். எக்ஸ்-னா கடையில நேரா வாங்கலாம். என்-னா சத்து மாத்திரை வகை, டி (T)-ன்னா பாரம்பரிய மருந்து. இதக் குடுக்கிறது 1984 சட்டவிதிப்படி அமைஞ்ச மருந்துக் கட்டுப்பாட்டு வாரியம், வேலையப் பாக்கிறது பெட்டாலிங் ஜெயாவுல இருக்கிற என்பிஆர்ஏங்கிற அரசாங்க மருந்து ஒழுங்குமுறை அமைப்பு, அவங்க வெப்சைட்ல நம்பரத் தட்டுனா பொருளோட பேரு வந்துடும். நம்பர் ஒரு பேருக்கு, பெட்டி இன்னொரு பேருக்கு இருந்துச்சுன்னா வாங்காதீங்க.

டி போட்டிருந்தா நோய் கொணமாவும்னு அர்த்தம் இல்ல. பாதுகாப்பு, தரம், ஈயம் பாதரசம் அளவு இதெல்லாம் பாக்கிறாங்க, ஆனா மத்த மருந்து மாதிரி ஆயிரக்கணக்கான ஆளுங்கள வச்சி நிரூபிச்சது கிடையாது.

நான் உண்மையில பேச வந்ததே பாசார் மாலாம்ல, அதாவது ராத்திரி சந்தையில, விக்கிற மூட்டுவலி மாத்திரையப் பத்திதான். பால்மரம் வெட்டி, செம்பனைக் குலை தூக்கி முட்டி தேஞ்சு போன சனங்களுக்கு ரெண்டே நாள்ல வலி பறந்து போவுதுன்னா, அது மூலிகையா இருக்கும்னு நான் நம்ப மாட்டேன். என்பிஆர்ஏ பல தடவ பிடிச்சு அறிவிச்சிருக்காங்க, உள்ள டெக்ஸாமெத்தசோன்னு ஒரு ஸ்டீராய்டு, பெட்டியில ஒரு எழுத்துகூட இருக்காது. பசி நல்லா எடுக்கும், உடம்பு தேறுதுன்னு சந்தோஷப்படுவாங்க. கொஞ்ச நாள்ல மூஞ்சி உருண்டையா உப்பும், சீனி ஏறும், பிரஷர் ஏறும், எலும்பு நொறுங்க ஆரம்பிக்கும். வீட்டுல யாராச்சும் மாசக்கணக்கா இதச் சாப்பிட்டுட்டு இருந்தா பயந்து போயி திடீர்னு நிறுத்திடாதீங்க, உடம்பு தானா சுரக்கிற ஸ்டீராய்ட மறந்திருக்கும், மயங்கி விழுந்துருவாங்க. பாட்டிலோட கிளினிக்குக் கூட்டிட்டுப் போங்க, அவங்க படிப்படியா குறைப்பாங்க.

கிளினிக்கல் டிரையல், அதாவது புது மருந்த மனுஷங்க கிட்ட சோதிக்கிறது, அதப் பத்தி சுருக்கமா. ஃபேஸ் 1, அதாவது முதல் கட்டம், கொஞ்சம் பேரு, பாதுகாப்புக்கு. ஃபேஸ் 2 சில நூறு நோயாளி. ஃபேஸ் 3 ஆயிரக்கணக்குல, பாதி பேருக்கு பிளேசிபோவோ (மருந்தில்லாத போலி மாத்திரை) பழைய மருந்தோ, யாருக்கு எதுன்னு நோயாளிக்கும் தெரியாது, டாக்டருக்கும் தெரியாது, அதுதான் டபுள் பிளைண்ட். ஃபேஸ் 4 கடைக்கு வந்த பிறகும் கண்காணிக்கிறது. அது எதுக்குன்னா, வயோக்ஸ்னு ஒரு மூட்டுவலி மருந்து, 1999-ல அமெரிக்காவுல முறையா அனுமதி வாங்குனது, 2004-ல கம்பெனியே உலகம் பூரா திரும்ப எடுத்துக்கிச்சு. 18 மாசத்துக்கு மேல சாப்பிட்டவங்களுக்கு ஹார்ட் அட்டாக், ஸ்ட்ரோக் கூடுதலா வந்தது அவ்ளோ நாள் ஓட்டிப் பாத்த பிறகுதான் தெரிஞ்சது.

அதனால மருந்து சாப்பிட்டு அரிப்பு, வீக்கம், மூச்சுத்திணறல்னு ஏதாச்சும் வந்தா, மூச்சு முட்டுனா நேரா எமர்ஜென்சி, மத்ததுக்கு ஃபார்மசிஸ்ட் கிட்ட சொல்லுங்க. நாமளே புகார் குடுக்க என்பிஆர்ஏல கான்செர்ஃப்னு ஒரு ஃபாரமும் இருக்கு. அதுல பேட்ச் நம்பர், அதாவது எந்தத் தயாரிப்புல வந்ததுன்னு காட்டுற நம்பர், கேப்பாங்க, அது பெரும்பாலும் அட்டையோட ஓரத்துல அச்சடிச்சிருக்கும், நாம முதல்ல கிழிச்சுப் போடறதே அந்த ஓரத்தத்தான், அதனால மாத்திரைய மறுமுனையில இருந்து பிச்சு சாப்பிடுங்க.