சொந்த ரத்தத்துக்கு எதிரே நின்ற 25 வயது தளபதி: நூனோ ஆல்வரஸ் பெரேரா

(திரையில்: வெயிலில் காய்ந்த ஒரு மேட்டு நிலம்)

1385, ஆகஸ்ட் 14, சாயங்கால நேரம். போர்ச்சுகலில் அல்ஜுபரோட்டா ஊருக்குப் பக்கத்தில் ஒரு மேடு. படையின் முன்வரிசையில் 25 வயது இளைஞன் ஒருவன் குதிரையை விட்டு இறங்கித் தரையில் நிற்கிறான். எதிரே திரண்டு வரும் கஸ்டீல் படையில் அவன் அப்பா பெற்ற பிள்ளைகள் இரண்டு பேர் இருக்கிறார்கள், பெட்ரோவும் தியோகோவும். பொழுது சாய்வதற்குள் அந்த இருவரும் பிணம்.

அவன் பெயர் நூனோ ஆல்வரஸ் பெரேரா. ஒரே வீட்டுப் பிள்ளைகள் இப்படி எதிரும் புதிருமாக நிற்கும் நிலை எப்படி வந்தது?

முன்கதையை வேகமாகப் பார்த்துவிடுவோம். 1383 அக்டோபரில் போர்ச்சுகல் மன்னர் ஃபெர்னாண்டோ இறந்தார். ஆண் வாரிசு இல்லை. ஒரே மகள் பியாட்ரிஸ், பத்துப் பதினோரு வயதுச் சிறுமி. அவளை அதே வருடம் மே மாதம் பக்கத்து நாடான கஸ்டீலின் மன்னர் ஹுவானுக்குக் கட்டிக்கொடுத்திருந்தார்கள். மாமனார் இறந்ததும் மருமகன் படையோடு வந்துவிட்டார். போர்ச்சுகலில் பலருக்கு இது பிடிக்கவில்லை. அவர்கள் கை காட்டிய ஆள் ஜோவான். இறந்த மன்னருக்குத் தம்பி, ஆனால் முறையான திருமணத்தில் பிறந்தவர் இல்லை. ஆவிஸ் என்ற துறவி வீரர் சங்கத்தின் தலைவர். அவ்வளவுதான் தகராறு.

ஒன்றை நியாயமாகச் சொல்ல வேண்டும். பெட்ரோவும் தியோகோவும் துரோகிகள் இல்லை. ஏட்டுச் சட்டப்படி பார்த்தால் பியாட்ரிஸ்தான் வாரிசு, பெரிய பிரபுக்கள் பலர் அவள் பக்கம்தான் போனார்கள். விதிவிலக்கு நூனோதான்.

அவர் ஏன் ஜோவான் பக்கம் சாய்ந்தார்? எனக்கு மிகவும் பிடித்த ஒரு சின்ன விஷயம் இங்கே இருக்கிறது. நூனோவின் அப்பா, ஹாஸ்பிட்டலர் என்ற இன்னொரு துறவி வீரர் சங்கத்தின் போர்ச்சுகல் தலைவர். கல்யாணமே செய்யக் கூடாத பதவி, ஆனால் அவருக்கு 32 பிள்ளைகள் என்று பழைய குறிப்புகள் சொல்கின்றன! அதில் ஒருவரான நூனோ, 13 வயதில் அரண்மனைக்கு வருகிறார். சுட்டிப் பையன். மகாராணிக்குப் பிடித்துப்போய், இவனை வீரனாக்கிவிடுவோம் என்று முடிவு செய்கிறார். ஆனால் அந்தச் சின்ன உடம்புக்குப் பொருந்துகிற கவசம் அரண்மனையில் இல்லை. தேடிப் பார்த்ததில் ஜோவானிடம் ஒன்று இருந்தது, அவர் சிறுவனாக இருந்தபோது போட்டது. அதைப் போட்டுக்கொண்டுதான் நூனோ வீரரானார். பன்னிரண்டு வருடம் கழித்து, அந்தக் கவசத்தின் சொந்தக்காரருக்குக் கிரீடத்தைக் காப்பாற்றித் தந்தவரும் இதே நூனோதான்.

1384 ஏப்ரல் 6, அத்தோலெய்ரோஸ் என்ற இடத்தில் கஸ்டீல் படையோடு மோதல். நூனோ தன் ஆட்களைக் குதிரையை விட்டு இறக்கி, சதுரமாக நிறுத்தி, ஈட்டிகளைத் தரையில் ஊன்றச் சொன்னார். பாய்ந்து வந்த குதிரைப்படை அந்த ஈட்டி வேலியில் மோதிச் சிதறியது. சரியாக ஒரு வருடம் கழித்து, அதே ஏப்ரல் 6 அன்று, கோயிம்ப்ராவில் கூடிய சபை ஜோவானை மன்னராக அறிவித்தது. நூனோ நாட்டின் தலைமைத் தளபதி ஆனார். வயது 24!

(திரையில்: போர்க்கள வரைபடம்)

இப்போது அல்ஜுபரோட்டா. இங்கே கொஞ்ச நேரம் நிற்கலாம், இதற்காகத்தான் இந்த வீடியோவே.

போர்ச்சுகல் தரப்பில் சுமார் 6,500 பேர். கஸ்டீல் தரப்பில் 30,000 வரை சொல்வார்கள். நூனோ பிடித்த இடம் ஒரு மேடு, இரண்டு பக்கமும் ஓடைப் பள்ளம். வடக்கே இருந்து வந்த எதிரி அதைப் பார்த்ததுமே, நேராக மோதினால் ஆபத்து என்று மேட்டைச் சுற்றிக்கொண்டு தெற்குப் பக்கம் போனான். நூனோ அசரவில்லை. மொத்தப் படையையும் அப்படியே திருப்பித் தெற்கே பார்த்து நிறுத்தி, கிடைத்த சில மணி நேரத்தில் குழி வெட்ட வைத்தார். ஓநாய்க் குழி என்று பெயர். கால் இறங்கினால் குதிரை விழும், மனிதனும் விழுவான். 1958இல் அங்கே அகழாய்வு தொடங்கியபோது, வரிசை வரிசையாக நூற்றுக்கணக்கான குழிகள் வெளியே வந்தன. கதை கட்டிவிட்டார்கள் என்று இனி யாரும் சொல்ல முடியாது.

குழிகளும் பள்ளங்களும் சேர்ந்து என்ன செய்தன தெரியுமா? அகலமாக வந்த பெரும்படையைப் புனலில் ஊற்றிய தண்ணீர் மாதிரி நடுவில் ஒடுக்கின. அங்கே எதிரே நின்றது நூனோவின் வரிசை. பக்கவாட்டில் இங்கிலாந்திலிருந்து வந்த வில்லாளிகள். இன்னொரு பக்க அணிக்குப் பெயரே ‘காதலர் அணி’, இளவட்டங்கள் நிறைந்தது. ஆகஸ்ட் வெயிலில் நாள் முழுக்க நடந்து களைத்து வந்த படை, முழுசாக வந்து சேர்வதற்குள்ளேயே மோதிவிட்டது. ஒரு மணி நேரம் போல்தான் சண்டை. மன்னர் ஹுவான் நோயாளியாகப் பல்லக்கில் வந்தவர், குதிரையேறித் தப்பினார். இதில் என்னால் ஏற்க முடியாத ஒன்றும் நடந்தது. எதிரியின் அடுத்த அலை வருகிறது என்றதும், பிடித்து வைத்திருந்த கைதிகளைப் போர்ச்சுகல் தரப்பினர் வெட்டிப்போட்டார்கள். வெற்றிக் கதைக்குள் அதுவும் இருக்கிறது.

அன்று நூனோவின் கொடி நின்ற இடத்தில் பிறகு ஒரு சின்னத் தேவாலயம் கட்டினார்கள். அதன் சுவர் மாடத்தில் ஒரு குடம் இருக்கும். அன்றைய தாகத்தின் நினைவாக, வழிப்போக்கர்களுக்காக அதில் தண்ணீர் வைக்கும் வழக்கம். நம் ஊர்த் தண்ணீர்ப்பந்தல்தான் எனக்கு ஞாபகம் வந்தது.

அப்புறம் நூனோ நாட்டிலேயே பெரும் பணக்காரர்களில் ஒருவர் ஆனார். 1423இல் எல்லாவற்றையும் கொடுத்துவிட்டு, லிஸ்பனில் தான் கட்டிய கார்மோ மடத்திலேயே சாதாரணச் சகோதரராகச் சேர்ந்து, ஏழைகளுக்குச் சோறு போட்டார். 1431இல் இறந்தார். 2009இல் போப் பெனடிக்ட் அவரைப் புனிதராக அறிவித்தார். அதற்காக ஏற்கப்பட்ட அற்புதம் என்ன என்கிறீர்களா? மீன் பொரிக்கும்போது எண்ணெய் தெறித்துக் கண் கெட்ட ஒரு பெண்மணிக்குப் பார்வை திரும்பியது.

நூனோவின் ஒரே மகளை மன்னர் ஜோவானின் மகன் மணந்தார். அந்த வழியில் வந்ததுதான் பிரகான்சா அரச வம்சம். அதில் வந்த இளவரசி கத்தரீனாவுக்கு இங்கிலாந்து மன்னரோடு கல்யாணம் நடந்தபோது, சீதனமாகப் போனது நம் பம்பாய்!

(திரையில்: கூரையில்லாத கல் வளைவுகள்)

1755 பூகம்பத்தில் கார்மோ மடத்தின் கூரை விழுந்தது. திரும்பப் போடாமல் அப்படியே விட்டிருக்கிறார்கள், அண்ணாந்து பார்த்தால் வானம். லிஸ்பனில் இருக்கும் நம்மவர்கள் யாராவது அங்கே போனால், அந்த வளைவுகளுக்கு அடியில் நின்று ஒரு படம் எடுத்து எனக்கு அனுப்புங்கள்.