வேலி தாண்டி ஓடும் மூங்கில்

நேயர்களுக்கு வணக்கம்.

குன்னூர், கோத்தகிரி, ஊட்டிப் பக்கம் வீட்டைச் சுற்றிக் கொஞ்சம் இடம் இருந்தால் வேலி ஓரமாக மூங்கில் வைத்துவிடுவோம். காற்றுக்குத் தடுப்பு, சாலைக்கு மறைப்பு, பீன்ஸ் கொடிக்கு ஊன்றுகம்பு. எல்லாம் சரிதான். ஆனால் அதில் ஒரு வகை வைத்த இடத்தில் நிற்பதில்லை. நடைபாதைக்கு அடியில் புகுந்து கீரைப்பாத்தியில் தலைகாட்டும், பக்கத்து வீட்டு முற்றத்திலும் முளைக்கும். அதை அடையாளம் காண்பது எப்படி, அடக்குவது எப்படி என்றுதான் இன்று பேசப் போகிறேன்.

மூங்கில் புல்லினம். அதன் பலமெல்லாம் மண்ணுக்குள் இருக்கும் கிழங்கில்தான். மலையடிவாரக் காடுகளில் நாம் பார்க்கும் முள்மூங்கிலும் கல்மூங்கிலும் குத்தாக வளர்பவை. அவற்றின் கிழங்கு குட்டையாகப் பருத்து, வளைந்து மேலே திரும்பி, அதுவே ஒரு கழியாகிவிடும். குத்து பெரிதாகும், ஆனால் மெதுவாகத்தான். ஓடும் மூங்கில் அப்படியில்லை. அதன் கிழங்கு ஏறக்குறைய விரல் பருமனில், கணுக்கணுவாக, மண்ணுக்குள் படுத்தபடியே நீளும். கழிகளும் நெருக்கமாக இல்லாமல், அங்கொன்றும் இங்கொன்றுமாக எழும்பும்.

தோட்டங்களில் அழகுக்கென்று வைக்கப்படும் சீன மூங்கில் ஒன்று உண்டு. ஃபில்லோஸ்டேகிஸ் ஆரியா என்பது அதன் தாவரவியல் பெயர். வளர்ந்த கழி ஒன்றைப் பிடித்துப் பாருங்கள். கணுவுக்கு இரண்டு கிளைகள், ஒன்று பெரியது, ஒன்று சிறியது. கிளை கிளம்பும் இடத்துக்கு மேலே கட்டைவிரலை வைத்துத் தடவினால், கழி அங்கே உருண்டையாக இருக்காது, நீளவாக்கில் ஒரு பள்ளம் ஓடும். பல கழிகளில் அடிப்பக்கத்துக் கணுக்கள் ஒன்றோடொன்று நெருக்கிக்கொண்டு, கோணலும் மாணலுமாக இருக்கும். இந்த மூன்றும் சேர்ந்திருந்தால் அது ஓடும் ஜாதிதான். அப்படியும் சந்தேகமென்றால் கழியின் அடியில் களைக்கொத்தால் மண்ணை விலக்கிக் கிழங்கைப் பாருங்கள், தெரிந்துவிடும்.

சரி, எப்படி அடக்குவது? கழியை வெட்டிவிட்டு வேலை முடிந்தது என்று போய்விடுபவர்கள்தான் அதிகம். கிழங்கில் சேர்த்து வைத்த உணவு இருக்கும்வரை அது மறுபடி முளைக்கும். இலை விரிந்தால் கிழங்குக்குத் திரும்பவும் உணவு சேரும். எனவே கழிகளையெல்லாம் தரையோடு வெட்டிவிட்டு, பிறகு வருகிற ஒவ்வொரு முளையையும் இலை விடுவதற்கு முன்னால் ஒடித்துவிட வேண்டும். குளிர் விலகி, கோடைமழை மண்ணை நனைத்ததும் தினமும் ஒரு சுற்று பாருங்கள். இளம் முளை என்றால் காலால் தட்டினாலே ஒடியும். இரண்டு மூன்று வருடம் விடாமல் செய்தால் கிழங்கு சோர்ந்துபோகும். பொறுமை கேட்கிற வேலைதான், ஆனாலும் வீட்டுக்காரர்கள் தாங்களே செய்யக்கூடிய வழி என்று நான் நம்புவது இதைத்தான்.

மூங்கில் வேண்டும், ஆனால் பரவக் கூடாது என்பவர்கள் அதைச் சுற்றி ஓர் அடி அகலம், ஒன்றரை அடி ஆழத்தில் வாய்க்கால் மாதிரி வெட்டி, மூடாமல் விடுங்கள். கிழங்கு பெரும்பாலும் மேல்மண்ணில், ஓர் அடிக்குள்தான் ஓடும். வாய்க்காலுக்குள் எட்டிப்பார்க்கும் நுனியை வருடத்துக்கு இரண்டு தடவை அரிவாளால் நறுக்கினால் போதும். தடித்த பிளாஸ்டிக் தகட்டை இரண்டு, இரண்டரை அடி ஆழத்துக்குப் புதைப்பதும் உண்டு. அதன் மேல்விளிம்பு மண்ணுக்கு மேலே இரண்டு அங்குலம் தெரிய வேண்டும், இல்லாவிட்டால் கிழங்கு அதன்மேல் ஏறிக் கடந்துவிடும்.

ஒன்றை மட்டும் கேட்டுக்கொள்கிறேன். சரிவான நிலத்தில் இருப்பவர்கள் மழைக்காலத்தில் கிழங்கைத் தோண்டவே தோண்டாதீர்கள். அந்தக் கிழங்கு வலைதான் அங்கே மேல்மண்ணைப் பிடித்து வைத்திருக்கிறது. நம் மலையில் மண்சரிவு என்றால் என்னவென்று நான் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. ஜனவரி முதல் மார்ச் வரையிலான மழையில்லாத காலத்தில், மேலிருந்து கீழாக, ஒரு பட்டை தோண்டி ஒரு பட்டை விட்டு எடுங்கள். எடுத்த இடத்தில் உடனே புல்லோ வேறு செடியோ நட்டுவிடுங்கள். களைக்கொல்லி அடிக்கலாமா என்று கேட்பார்கள். ஓடையும் ஊற்றும் பக்கத்திலேயே இருக்கிற ஊரில் அது வேண்டாம்.

தோண்டிய கிழங்கை ஓடைக்கரையிலோ சோலை ஓரத்திலோ கொட்டாதீர்கள். கணுவோடு ஒரு துண்டு கிடந்தாலும் அங்கே வேர்பிடிக்கலாம். வெயிலில் பரப்பி, கையில் எடுத்தால் மொறுமொறுவென்று ஒடியும்வரை காயவிட்டு, அப்புறம் அடுப்புக்கு வைத்துக்கொள்ளுங்கள்.

புதிதாக மூங்கில் வாங்கப் போகிறவர்கள் நர்சரியில் தொட்டியைச் சாய்த்து, செடியை வேரோடு உருவிக் காட்டச் சொல்லுங்கள். தொட்டியின் உட்சுவரை ஒட்டிக் கயிறு சுற்றியதுபோல் கிழங்கு ஓடியிருந்தால், அதை வைத்துவிட்டுக் குத்து மூங்கிலாகக் கேட்டு வாங்குங்கள்.

நன்றி, வணக்கம்.