குளிர் இல்லாத ஊரில் ஒரு குளிர்காலப் போட்டி

(வேலைக்குச் சைக்கிளில் போகும் வேலூர் நண்பர்கள், மார்கழி, தை இரண்டு மாதமும் நடத்திய போட்டி முடிந்து ஒரு ஞாயிற்றுக்கிழமை மாலை கூடியபோது பேசியது. பேசின வாக்கிலேயே எழுதியிருக்கிறேன்.)

எல்லோருக்கும் வணக்கம். மைக் கொஞ்சம் கரகரக்கிறது. பரவாயில்லை, மார்கழி முழுக்கக் கோயில் ஸ்பீக்கர் கேட்டுப் பழகிய காதுகள்தானே.

வேலூரைப் பற்றி ஒரு பழைய கேலி உண்டு. தண்ணீர் இல்லாத ஆறு, மரம் இல்லாத மலை, சாமி இல்லாத கோயில், ராஜா இல்லாத கோட்டை. வெளியூர்க்காரர் சொன்னால் நமக்கு மூக்குக்கு மேல் கோபம் வரும். நாமே சொன்னால் சிரிப்போம். இந்தப் பட்டியலில் இரண்டு ஏற்கெனவே அடிபட்டுப் போய்விட்டன. 1981-ல் ஜலகண்டேஸ்வரர் கோட்டைக்குள் திரும்பி வந்து உட்கார்ந்துவிட்டார். 2021 நவம்பரில் பாலாற்றில் வெள்ளம் வந்தபோது பாலத்தில் வண்டியை நிறுத்தி வேடிக்கை பார்க்காதவர் இந்தக் கூட்டத்தில் யாரும் இருக்க மாட்டீர்கள். பட்டியல் சுருங்கிவிட்டதே என்று கவலை வேண்டாம். நம் பங்குக்கு நாம் ஒன்று சேர்த்திருக்கிறோம்: குளிர் இல்லாத குளிர்காலப் போட்டி.

சிரிக்கிறீர்கள். ஆனால் நவம்பர் கடைசியில் இந்த யோசனையை எடுத்தபோது உங்களில் பாதிப் பேர் என்னைப் பார்த்துச் சிரித்தீர்கள். வெயிலூர் என்று பேர் வாங்கின ஊரில், விடியற்காலை 18, 19 டிகிரி இருந்தாலே குல்லாவும் மப்ளரும் எடுக்கிற ஊரில், குளிர்காலச் சவாலா? ஆஸ்பத்திரிக்கு உறவினரை அழைத்து வந்திருந்த மேகாலயாக்காரர் ஒருவர், டீக்கடையில் என் மங்கி குல்லாவையே பார்த்துக்கொண்டிருந்தார். அவர் அரைக்கைச் சட்டையில் இருந்தார். ஒன்றும் சொல்லவில்லை. டீயை ஊதி ஊதிக் குடித்தார், அவ்வளவுதான். அந்தப் பார்வை போதும்.

நிஜமான குளிரில் சைக்கிள் ஓட்டுகிறவர்களைப் பார்த்தால் நமக்கே கூச்சமாக இருக்கும். பின்லாந்தில் ஓலு என்று ஒரு ஊர். வட துருவத்தை நோக்கிப் போகிற வழியில் 65-வது அட்சரேகையில் இருக்கிறது. டிசம்பர் கடைசியில் அங்கே பகல் நான்கு மணி நேரம்கூடக் கிடையாது. பூஜ்யத்துக்குக் கீழே 20 டிகிரி போவது அவர்களுக்குப் பெரிய செய்தி இல்லை. அந்த ஊரில் குளிர்காலம் முழுக்கப் பிள்ளைகள் பள்ளிக்குச் சைக்கிளில் போகிறார்கள். குளிர்காலச் சைக்கிள் பயணத்துக்கென்று உலக அளவில் ஒரு மாநாடு 2013-ல் முதன்முதலில் நடந்ததும் அங்கேதான். கனடா, அமெரிக்கா, ஐரோப்பா என்று ஊர் ஊராகப் போட்டியும் கிளம்பியது. பிப்ரவரி இரண்டாம் வெள்ளிக்கிழமை, இன்றைக்கு நான் வேலைக்குச் சைக்கிளில் போகிறேன் என்று பெயர் கொடுக்க வேண்டும். எந்த ஊரில் அதிகம் பேர் என்று எண்ணுவார்கள். யாரையும் முந்த வேண்டியதில்லை, வேலைக்குப் போய்ச் சேர்ந்தால் போதும்.

அவர்கள் டயரில் குட்டிக் குட்டி இரும்பு ஆணி பதித்திருக்கும், பனிக்கட்டியில் வழுக்காமல் இருக்க. ஹேண்டில்பாரில் கையை நுழைத்துக்கொள்ள உறை மாட்டுகிறார்கள். கடுங்குளிரில் ஃபிரீவீலுக்குள் கிரீஸ் இறுகிப்போய், பெடலை மிதித்தால் சக்கரம் சுற்றாமல் பெடல் மட்டும் சுற்றுமாம். ஆனால் அவர்கள் பயப்படுவது மைனஸ் 20-க்கு அல்ல, பூஜ்யத்துக்கு. உருகி மறுபடி உறைந்தால் சாலை கண்ணாடி மாதிரி ஆகிவிடும். இதையெல்லாம் படித்தபோது எனக்கு உறைத்தது வேறு. அந்த ஊர்க்காரர்களுக்கு நம்மைவிட நெஞ்சுரம் அதிகம் என்று நான் நினைக்கவில்லை. காலையில் அவர்கள் கிளம்புவதற்குள் சைக்கிள் பாதையில் பனியைத் தள்ளி, அமுக்கி, பொடிக்கல் தூவி வைத்திருக்கிறார்கள். பாதை இருக்கிறது, போகிறார்கள். நமக்குப் பனியைத் தள்ள வேண்டாம் ஐயா, தோண்டின பள்ளத்தை மூடினால் போதும்.

பனி என்று சொன்னேன் இல்லையா. நம் மொழியில் இரண்டுக்கும் ஒரே சொல். ஓலுவில் முழங்கால் வரை கொட்டுவதும் பனி, நம் வாசலில் சைக்கிள் சீட்டின்மேல் முத்து முத்தாக நிற்பதும் பனி. அதைத் துண்டால் ஒரு துடை துடைத்தால் தீர்ந்தது. ஆனால் நம் பெரியவர்கள் இதையும் லேசாக எடுத்துக்கொள்ளவில்லை. தைப்பனி தரையைத் துளைக்கும், மாசிப்பனி மச்சைத் துளைக்கும் என்றார்கள். துளைக்கிறதோ இல்லையோ, என்னைக் கீழே தள்ளியது. அந்தக் கதையைச் சொல்லிவிடுகிறேன், ஏற்கெனவே பல மாதிரி பரவிவிட்டது.

நான் தொரப்பாடியிலிருந்து காட்பாடிக்குப் போகிறேன். பத்து கிலோமீட்டர் சொச்சம். பெரும்பாலும் ஒன்றாம் நம்பர், இரண்டாம் நம்பர் டவுன் பஸ் போகிற வழிதான். விருதம்பட்டுப் பக்கம் பாலாற்றுப் பாலத்தில் ஏறினால் வாடைக்காற்று நேராக முகத்தில் அடிக்கும். போகும்போது அது எதிரி. சாயங்காலம் அதே காற்று முதுகில் கைவைத்துத் தள்ளிக்கொண்டு வந்து வீட்டில் விடும். மார்கழி பத்துத் தேதிவாக்கில் ஒரு நாள் மூடுபனி. பாலத்தின் நடுவிலிருந்து பார்த்தால் காட்பாடி மலைகள் இருந்த இடமே தெரியவில்லை. எதிரே வருகிற லாரி வெளிச்சமாகத்தான் முதலில் வருகிறது, சத்தம் பிறகு. கீழே ஆற்று மணலில் மேய்கிற மாடுகளின் முதுகு மட்டும் மிதக்கிற மாதிரி தெரிந்தது. இதை ரசித்துக்கொண்டே பாலத்தை விட்டு இறங்கினேன். வெள்ளை அடிக்காத வேகத்தடை ஒன்று. பிரேக்கைப் பிடித்தேன். பிடிக்கவில்லை.

என்னுடையது பழைய இரும்பு ரிம். கோட்டம் எடுத்து, பால்ரஸ் மாற்றி, செயினுக்கு எண்ணெய் விட்டு, போட்டிக்கென்று பளபளப்பாக வைத்திருந்தேன். அந்தப் பளபளப்புதான் வினை. ஈரமான இரும்பு ரிம்மில் பிரேக் கட்டை முதல் சில சுற்றுக்குத் தண்ணீரைத்தான் துடைக்கும், துடைத்த பிறகுதான் பிடிக்கும். நான் அதற்குள் வேகத்தடையைத் தாண்டி, சைக்கிள் ஒரு பக்கம் நான் ஒரு பக்கம். முழங்கை சிராய்ப்பு, டிபன் கேரியர் நசுங்கியது, எலுமிச்சை சாதம் ரோட்டில். உங்களுக்குச் சொல்வது இதுதான்: பனி ஈரத்தில் சரிவு இறங்கும் முன்பே பிரேக்கை லேசாகத் தொட்டுத் தொட்டு விடுங்கள். பின்னால் ஒரு சிவப்பு விளக்கு போடுங்கள். மூடுபனியில் நீங்கள் பார்ப்பதைவிட உங்களைப் பிறர் பார்ப்பது முக்கியம்.

அன்று நொண்டிக்கொண்டு வேலை இடத்துக்குப் போனால், வாசலில் வண்டி நிறுத்துமிடத்தில் புது ஏற்பாடு. பைக்குக்கு டோக்கன், காருக்கு ஸ்டிக்கர். சைக்கிளுக்கு என்ன என்று கேட்டேன். லிஸ்ட்டில் இல்லை சார் என்றார்கள். லிஸ்ட்டில் இல்லாத ஒன்றை உள்ளே எப்படி விடுவது? சுவரோரம் குப்பைத் தொட்டிக்கும் ஜெனரேட்டருக்கும் நடுவில் நிறுத்தினேன். இன்றுவரை அதுதான் என் ரிசர்வ் செய்த இடம். கோபப்படவில்லை, வேறு யாரும் அங்கே நிறுத்தப் போட்டி போடுவதில்லை.

சரி, போட்டி விதிகளுக்கு வருகிறேன், ஏனென்றால் அதில்தான் நாம் ஏறக்குறைய உடைந்துபோனோம். முதலில் கிலோமீட்டர்தான் கணக்கு என்று வைத்தோம். இரண்டே வாரம். கியர் சைக்கிள் வைத்திருக்கும் தம்பி ஒருவர், பெயர் சொல்லவில்லை, இப்போதே தலையைக் குனிந்துகொண்டார், ஒரு ஞாயிற்றுக்கிழமை ஏலகிரிக்கு மிதித்து, 14 கொண்டை ஊசி வளைவும் ஏறி இறங்கிவிட்டு வந்து கணக்கை நோட்டில் எழுதினார். வீரம்தான், மறுக்கவில்லை. ஆனால் கொசப்பேட்டையிலிருந்து தையல் கடைக்குத் தினம் இரண்டு கிலோமீட்டர் வருகிற நம் அக்கா அந்தப் பக்கத்தைப் பார்த்தார். பேனாவை மூடி வைத்தார். அவர் ஓட்டுவது மகள் பிளஸ் ஒன் படித்தபோது அரசு கொடுத்த சைக்கிள். மகள் கல்யாணமாகிப் போய்விட்டாள், சைக்கிள் அம்மாவிடம் நின்றது. ஏலகிரிக்கு எதிரே அந்த இரண்டு கிலோமீட்டர் எந்த மூலை?

அன்றிரவே விதியை மாற்றினோம். கிலோமீட்டர் கிடையாது, நாள் மட்டும். வேலைக்குச் சைக்கிளில் போனால் ஒரு புள்ளி, இரண்டு கிலோமீட்டரானாலும் இருபதானாலும். ஞாயிற்றுக்கிழமை ஊர் சுற்றினால் உடம்புக்கு நல்லது, நோட்டுக்குப் பயனில்லை. அப்புறம் அந்த அக்காவே ஒரு விதி சொன்னார். மார்கழியில் தெருவுக்குத் தெரு கோலம், நடுவில் சாணிப் பிள்ளையார், தலையில் பூசணிப்பூ. நாலு மணிக்கு எழுந்து போட்டதன்மேல் டயர் ஏற்றிக்கொண்டு போவதா? கோலத்தில் புள்ளி கலைந்தால் நோட்டிலும் புள்ளி கலையும் என்றார். எதிர்ப்பே இல்லாமல் நிறைவேறிய தீர்மானம் அது ஒன்றுதான். பின்லாந்துக்காரர் ஆணி டயரில் பனிக்கட்டியைச் சமாளிக்கட்டும். வேலப்பாடிச் சந்தில் இரண்டு பக்கமும் கோலம் இருக்க, நடுவே ஒரு முழ இடத்தில், எதிரே பால் வண்டி வரும்போது, காலை ஊன்றாமல் போய்க் காட்டட்டும் பார்க்கலாம்.

ஏலகிரித் தம்பி மூன்று புள்ளி இழந்தார். மூன்றும் ஒரே தெருவில். அந்தத் தெருவில் யார் வீடு இருக்கிறது, அவர் கவனம் எங்கே போயிற்று என்பதெல்லாம் விசாரணைக் குழு அமைத்துத் தெரிந்துகொள்ள வேண்டிய விஷயம்.

இன்னொருவரையும் நான் சேர்க்கப் பார்த்தேன். காட்பாடியில் என் வேலை இடத்துக்குப் பக்கத்துக் கட்டடத்தில் இரவுக் காவல் பார்ப்பவர். லத்தேரிப் பக்கமிருந்து தினம் சைக்கிளில் வந்து போகிறார். பொழுது சாயும்போது வந்து, விடிந்ததும் கிளம்புவார். நான் உள்ளே நுழையும் நேரம் அவர் மட்கார்டைத் துடைத்துக்கொண்டிருப்பார். குளிருக்குத் தலையில் கட்டிய துண்டு, கேரியரில் வீட்டுக்கு ஒரு கட்டு கீரை. இவர் சேர்ந்தால் நாம் எல்லோரும் காலி என்று தெரிந்தும் கேட்டேன். விதியெல்லாம் விளக்கினேன். பொறுமையாகக் கேட்டார்.

"இன்னா சார் இது, வேலைக்கு வர்றதுக்குப் பரிசா?" என்றார்.

ஆமாம் என்றேன்.

"எப்ப முடியுது?"

தை கடைசியில் என்றேன்.

"அப்ப மாசிலேர்ந்து நீங்க சைக்கிள்ல வர மாட்டீங்களா?"

எனக்குச் சட்டென்று பதில் வரவில்லை. அவர் கிண்டலாகக் கேட்கவில்லை, உண்மையாகவே தெரிந்துகொள்ளக் கேட்டார். மாசி போய்ப் பங்குனி, சித்திரை, அப்புறம் கத்திரி. ஓலுக்காரர்களுக்கு டிசம்பர் எப்படியோ நமக்கு மே மாதம் அப்படி. 40 டிகிரிக்கு மேல், பாறை மலைகள் நாலு பக்கமும் நின்று சூட்டைத் திருப்பி அடிக்கும்போது, பாலாற்றுப் பாலத்தில் நடுப்பகலில் சைக்கிள் மிதிப்பதுதான் நம் ஊரின் குளிர்காலச் சவால். நாம் வருஷத்திலேயே சுகமான இரண்டு மாதத்தைப் பார்த்து எடுத்துக்கொண்டு அதற்குச் சவால் என்று பேர் வைத்தோம். விடைத்தாளைக் கையில் வைத்துக்கொண்டு பரீட்சை எழுதின மாதிரி. அதில் எனக்கு வெட்கம் இல்லை. புதிதாக ஒருவரைச் சைக்கிளில் ஏற்ற மார்கழியை விட்டால் இந்த ஊரில் வேறு மாதம் கிடையாது. கத்திரியில் கூப்பிட்டால் வருவீர்களா? முன்வரிசையிலேயே தலையாட்டுகிறார்கள், வர மாட்டார்களாம்.

அவருக்கு நான் சொன்ன பதில், "பார்க்கலாங்க." அவரும் "சரி சார்" என்று பெடலில் காலை வைத்தார். பெயர் கொடுக்கவில்லை.

பரிசு யாருக்கென்று உங்களுக்கே தெரியும். ஒரு நாள்கூட விடாமல் வந்து, ஒரு கோலத்தைக்கூட மிதிக்காதவர் ஒருவர்தான், அவர் முழு எடையையும் தாங்கிய அந்த அரசு சைக்கிள் வெளியே வேப்பமரத்தடியில் நிற்கிறது. பரிசு இரண்டு டயர், இரண்டு டியூப். அக்கா, மேடைக்கு வாங்க.

அவர் வருவதற்குள் இரண்டு அறிவிப்பு. வாசலை மறித்து நிறுத்தியிருக்கும் சைக்கிள்களை எடுங்கள், நாற்காலிகளை ஏற்றிப்போக வண்டி வந்துவிட்டது. மாசி மாதத்துக்குப் புது நோட்டு அந்த மேஜையில் இருக்கிறது, பேனாவை நூலில் கட்டி வைத்திருக்கிறேன். முதல் வரியில் என் பெயரை எழுதிவிட்டேன். நாளை காலை என்னுடைய பின் சக்கரத்தில் காற்று நிற்குமா என்பதுதான் சந்தேகம், வரும்போதே இறங்கிக்கொண்டிருந்தது. பம்ப் யாரிடம் இருக்கிறது?